மனு கொடுத்து அலுத்த பிறகும் அகிம்சை வழி பலன் தருமா?

"எங்கள் ஊரில் மனு மேல் மனு கொடுத்துப் பார்த்துவிட்டோம். நாலு கண்ணாடியை உடைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்கிறார்கள் பையன்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூர்க்காரன். எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் ஆலை. ராத்திரி ஒரு மணிக்கு மேல் நாற்றம் கிளம்பும், குழந்தைகள் இருமிக்கொண்டே எழுந்து உட்காரும். காலையில் அதிகாரி வந்து நிற்கும்போது காற்று சுத்தமாக இருக்கும். "ஒண்ணும் இல்லையேம்மா" என்று போய்விடுவார். என் தம்பியும் கூட்டாளிகளும் ஆலை கேட்டில் கல் எறிவதென்று முடிவே செய்துவிட்டார்கள்.

அம்மாதான் தடுத்தார். ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டார்: தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், என்ன வாடை. 'அழுகின முட்டை', 'நகப்பூச்சு' என்று தனக்குத் தெரிந்த வார்த்தைகளிலேயே எழுதினார். ஒரே ஆள் தினமும் விழித்திருக்க முடியுமா? ஐந்து வீடுகள் முறை போட்டுக்கொண்டோம். செவ்வாய்க்கிழமை எங்கள் வீடு. வாடை வந்ததும் எழுத வேண்டும், அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போன் போட வேண்டும், யார் எடுத்தார், என்ன சொன்னார் என்பதையும் எழுத வேண்டும். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் பெண்கள் நோட்டின் ஜெராக்ஸோடு போவார்கள். நாலாவது மாதம் ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அம்மா டார்ச் அடித்து, நோட்டில் அன்றைய பக்கத்திலேயே அவரிடம் கையெழுத்து வாங்கினார்.

வாடை முழுசாகப் போகவில்லை. வாரத்தில் ஐந்து ராத்திரி வந்தது, மாதத்தில் இரண்டு மூன்று என்று குறைந்தது. கல் எறிந்திருந்தால் தம்பி பேரில் வழக்குதான் மிஞ்சியிருக்கும்.

இப்படி முறை வைத்துப் போராடுவது எங்கள் ஊருக்குப் பழசு. கடலூர் முதுநகரில் பிறந்த விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாள், 1927-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் நீல் சிலையை அகற்றச் சொல்லி நடந்த சத்தியாக்கிரகத்துக்குப் போனார். நீல், 1857-இல் அலகாபாத்தில் மக்களைக் கொன்று குவித்த ராணுவ அதிகாரி. தொண்டர்கள் அணி அணியாகப் போனார்கள். ஓர் அணி கைதானால் அடுத்த அணி நிற்கும். அஞ்சலை அம்மாள் தன் சின்னப் பெண் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறை சென்றார். பின்னால் காந்தி அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயர் வைத்து வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப்போனார். சிலை தெருவை விட்டுப் போனது 1937-இல், ராஜாஜி ஆட்சி வந்த பிறகு. பத்து வருஷம்! இதைப் பையன்களிடம் மறைக்காதீர்கள்.

அப்புறம் பக்கத்துப் புதுச்சேரி. பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1936-இல் வேலையை நிறுத்தினார்கள். நெய்கிற கை நின்றால் முதலாளிக்கு எத்தனை தறி இருந்தும் துணி வராது, அவர்களுடைய பலமே அதுதான். ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்த 12 பேரை நினைத்தால், அமைதி வழி ஆபத்தில்லாத வழி என்று என்னால் யாருக்கும் சொல்ல முடியாது. உங்கள் பையன்களிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். கல் எறியும் துணிச்சல் இருக்கிறவர்களுக்கு இதற்கான துணிச்சலும் இருக்கும்.

இன்னொரு மனு எழுதுவதற்கு முன்னால், ராத்திரி முறைக்கு வர எத்தனை வீடு தயார் என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஐந்து கிடைக்கவே மூன்று வாரம் ஆனது. தம்பி இப்போது வெள்ளிக்கிழமை முறை பார்க்கிறான், நாலாவது நோட்டு ஓடுகிறது.