வாசகர் கேள்வி: முன்பணம் கட்டுவதற்கு முன்…

கேள்வி: எனக்கு வயது 41. பட்டர்வொர்த்தில் 68 வயது அம்மாவுடன் வசிக்கிறேன். பாயான் லெப்பாஸில் வேலை. மனைவி காலமாகி 6 ஆண்டுகள் ஆகின்றன. மறுமணத்தில் மனம் செல்லவில்லை, ஆனால் ஒரு பிள்ளையை வளர்க்க வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை. வாடகைத் தாய் மூலம் வெளிநாட்டில் பிள்ளை பெற்றுத் தருவதாகச் சொல்லும் முகவர் ஒருவர், மரபணுச் சோதனையில் பிள்ளை என்னுடையது என்று உறுதியானால் மலேசியாவில் சிக்கலே வராது என்கிறார். அம்மாவோ, “தாயில்லாமல் ஒரு கைக்குழந்தையை எப்படியப்பா வளர்ப்பாய்?” என்று கேட்கிறார். முன்பணம் கட்டலாமா?
– வாசகர், பினாங்கு

பதில்: இப்போது கட்ட வேண்டாம், தம்பி. உங்கள் ஆசையில் குறை காண்பதாக நினைத்துவிடாதீர்கள். மனைவியை இழந்த ஒருவர் தந்தையாக விரும்புவது மிக இயல்பானது. ஆனால் முகவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் தவறு, அதன் பாரத்தைச் சுமக்கப் போவது அவரல்லர், பிறக்கப் போகும் பிள்ளை.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில், மூன்றாம் பாகத்தின் 17-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளையின் குடியுரிமையைப் பொறுத்தவரை, ‘தந்தை’ என்று வரும் இடத்தில் ‘தாய்’ என்றே கொள்ள வேண்டும் என்கிறது அது. உங்களுக்காகப் பிள்ளையைச் சுமக்கும் பெண் உங்கள் மனைவியல்லர். அவர் வெளிநாட்டவராக இருந்தால், நீங்கள் மலேசியர் என்பதால் மட்டும் பிள்ளை மலேசியராகிவிடாது. பிலிப்பைன்ஸில் மலேசியத் தந்தைக்குப் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில், பெற்றோர் பிள்ளை பிறந்த சில மாதங்களில் திருமணமே செய்துகொண்டிருந்தும், 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. இரத்த உறவு ஒன்று, சட்ட உறவு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளின் குடியுரிமை பற்றி 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் மலேசியத் தாய்மாருக்குப் பெரும் ஆறுதல். உங்கள் நிலைக்கு அது மருந்தாகாது.

செந்தூலில் எனக்குத் தெரிந்த ஒரு தந்தை, மகனின் பிறப்புப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். ‘பூக்கான் வார்கநெகாரா’ (குடிமகன் அல்லர்) என்று அச்சிட்ட இடத்தில் உறை மங்கிப் போயிருந்தது. ஒவ்வொரு முகப்பிலும் அதிகாரிகள் அந்த இடத்தில்தான் விரலை வைத்துக் காட்டுவார்களாம். காய்ச்சல் என்று அரசாங்க மருத்துவமனைக்குப் போனாலும் வெளிநாட்டவர் கட்டணம். அவர் வாடகைத் தாயை நாடியவரல்லர், பதிவுத் திருமணத்தைத் தள்ளிப்போட்டவர், அவ்வளவுதான். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த உறைதான் கண்முன் வந்தது.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. இந்தியா என்றால், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் தனி ஆண்களை அறவே அனுமதிப்பதில்லை. கைம்பெண்ணுக்கும் மணமுறிவு பெற்ற பெண்ணுக்கும் இடமுண்டு, உங்களுக்கு இல்லை. தாய்லாந்தில், 2014-இல் ஒரே வெளிநாட்டு ஆண் பல பெண்கள் வழியாகப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றது அம்பலமான பிறகு, 2015-இல் வந்த சட்டம் மணமான தம்பதியருக்கு மட்டுமே வழிவிட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா தனி ஆணை ஏற்கிறது. செலவோ ஒரு லட்சம் டாலரைத் தாண்டும், பிள்ளை உங்களுடையது என்ற அங்குள்ள நீதிமன்ற உத்தரவைக் காட்டியதும் நம் தேசியப் பதிவிலாகா உங்கள் பிள்ளைக்கு மைகிட் (சிறுவர் அடையாள அட்டை) தந்துவிடாது. மலேசியாவிலோ வாடகைத் தாய் ஒப்பந்தத்துக்கென்று தனிச் சட்டமே கிடையாது. (‘வாடகை’ என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்பது மாதம் தன் உடலில் வைத்துக் காப்பவரை, வீடு விடுவதைப் போலவா பேசுவது? முகவரிடம் அந்தப் பெண்ணின் உடல்நலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டீர்களா?)

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வயது வரம்புக்கு உட்பட்ட பிள்ளைக்கு, சிறப்புச் சூழ்நிலையில், அரசியலமைப்பின் 15A பிரிவின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது அரசாங்கத்தின் விருப்புரிமை, உங்கள் உரிமையன்று. இங்கேயே தத்தெடுப்பதையும் எண்ணிப் பாருங்கள். 1952-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் முஸ்லிமல்லாத தனி ஆணுக்கும் இடமளிக்கிறது: 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று மாதம் பிள்ளை தொடர்ந்து உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். பெண் குழந்தை என்றால் மட்டும், சிறப்புக் காரணம் உண்டு என்று நீதிமன்றத்துக்கு நிறைவு ஏற்பட வேண்டும். அந்தப் பிள்ளையின் குடியுரிமை நிலையையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் கேள்வியை ஊர்ப்பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் கரைக்கும் இரவுகளில் எழுந்திருக்கப் போவது 68 வயதான அவராகவும் இருக்கலாம். தொழிற்சட்டம் 2023 முதல் தரும் ஏழு நாள் தந்தையர் விடுப்பும் மணமான ஆணுக்குத்தான். ஆகவே உங்கள் வேலை நேரம், அக்கா தங்கை யாராவது அருகில் இருக்கிறார்களா, பகலில் யார் பார்ப்பது என்பதையெல்லாம் அவருடன் உட்கார்ந்து பேசுங்கள்.

முகவரிடம் இரண்டே கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: பிறப்புப் பத்திரத்தில் தாய் என்று யார் பெயர் இருக்கும், பிள்ளை எந்த நாட்டுக் கடப்பிதழில் பினாங்கு வந்து இறங்கும். அவர் தரும் பதிலையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு, குடியுரிமை வழக்குகளை நடத்திய வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அவர் படித்து முடிக்கும்வரை பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.