விளக்குமாற்றைக் கண்டு குதித்த எறும்பு

கேள்வி: வீட்டுக்குப் பின்னால், காட்டோரம் சருகு கூட்டும்போது ஓர் எறும்பைப் பார்த்தேன். கட்டெறும்பைவிடப் பெரிது, செம்பழுப்பு நிறம். விளக்குமாறு கிட்டே போனதும் தத்துக்கிளி மாதிரி எகிறியது. வாய்க்கு முன்னால் நீளமாக இடுக்கி போல இருந்தது. தனியாகத்தான் திரிந்தது. இது என்ன எறும்பு ஐயா? வளையில் மண்ணெண்ணெய் ஊற்றிவிடலாம் என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி, வால்பாறை

பதில்: மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஹார்பெக்னதஸ் சால்டேட்டர். பறவைகளைப் பற்றி எழுதிய தாமஸ் ஜெர்டன் என்ற மருத்துவர் 1851-இல் வைத்த அறிவியல் பெயர் அது.

ஆனால் குதிப்பதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. தாடையைப் பொறி மாதிரி அகல விரித்துக்கொண்டு திரியும் வேறொரு எறும்பும் உண்டு. அந்தத் தாடை படீரென்று மூடும் வேகத்தில் அதன் உடம்பே பின்னால் தூக்கி எறியப்படும். உங்களுடையது காலை உந்தித் தாவுகிற எறும்பு. சந்தேகம் இருந்தால் கண்ணைப் பாருங்கள். பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் புள்ளி போலத்தான் இருக்கும். இதற்குத் தலையின் முன்பக்கம், தாடை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு பெரிய கருங்கண்கள்.

டாப்ஸ்லிப்பில் ஒரு காலை நேரம் நான் விரலை அசைத்தபோது, அது நின்று என் விரல் பக்கமே திரும்பியது. அப்புறம் சருகு மேல் ஒரு சின்னச் சிலந்தி. ஒரே தாவல். இடுக்கியால் பிடித்து, வயிற்றை வளைத்துக் கொடுக்கால் ஒரு குத்து. சிலந்தியின் கால்கள் துவண்டுவிட்டன. இப்படிக் கண்ணால் பார்த்துத் தனியாகவே வேட்டையாடுகிற எறும்பு இது.

ஒரு வளையில் பெரும்பாலும் நூறு, இருநூறு எறும்புகளுக்குள்தான் இருக்கும். ராணி செத்துப்போனால் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்பால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நாள்கணக்கில் போட்டி போடும். ஜெயித்தவை முட்டையிட ஆரம்பிக்கும். சுமார் 7 மாதமே வாழ வேண்டியவை அதற்கப்புறம் 4 வருடம் வரைகூட இருக்கும். மூளை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். திரும்பவும் வேலைக்கார எறும்பாகிவிட்டால் அந்த மூளை பழைய அளவுக்கு வளர்ந்துவிடுகிறது! எத்தனை வருடமானாலும் எனக்கு இது வியப்புத்தான்.

சரி, கொட்டுமா? மிதித்தாலோ கையில் பிடித்தாலோ கொட்டும், நன்றாகவே வலிக்கும். தானாகத் தேடி வந்து கொட்டாது, விலகித்தான் ஓடும். சருகைக் கையால் அள்ளாதீர்கள். வளை இருக்கும் இடத்தைச் சுற்றி நாலு கல் வைத்துவிடுங்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு அந்தப் பக்கம் போகாமல் இருப்பார்கள். மற்றபடி அது பாட்டுக்கு இருக்கட்டும்.