பறக்கும் தட்டுவடை: சேலத்து மேஷ்அப் போஸ்டர் செய்வது எப்படி?

கேள்வி: பழைய சினிமா போஸ்டர், காமிக்ஸ் அட்டை பாணியில் ஊர் விஷயங்களைக் கலந்து ரசிகர்கள் வரையும் மேஷ்அப் போஸ்டர்கள் ரொம்பப் பிடிக்கும். சேலத்தை வைத்து அப்படி ஒன்று வரைந்து, அச்சடித்து வீட்டில் மாட்ட ஆசை. எப்படித் தொடங்குவது, எங்கே சொதப்பும்?

பதில்:

மேஷ்அப்பில் இரண்டு உலகங்கள் இருக்கும். அவை ஒட்டுகிற இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலான முயற்சிகள் கெடுவது இங்கேதான். சேலம் என்றதும் மாம்பழம், வெள்ளிக் கொலுசு, இரும்பாலை, ஜவ்வரிசி, ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவு எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கினால் அது சுற்றுலா விளம்பரம் ஆகிவிடும். பார்ப்பவர் ஒரு நொடி குழம்பி, அடுத்த நொடி ‘அட!’ என்று பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ‘அட’ ஒரு தடவைதான் வரும்.

நல்ல ஒட்டு பல சமயம் சொல்லிலேயே கிடைக்கும். 1950களின் வேற்றுக்கிரகப் படப் போஸ்டர்களில் நகரத்தின் மேல் பறக்கும் தட்டு வரும். சேலத்தில் தட்டுவடை செட் இருக்கிறது: இரண்டு தட்டுவடை, நடுவில் காய்த் துருவலும் சட்னியும். இரண்டிலும் ‘தட்டு’ இருப்பது மட்டுமல்ல, உருவமும் ஒன்றே: வட்டமான இரண்டு தகடுகள், நடுவில் ஒரு வரிசை. பதில் முழுவதும் இதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வரையும்போது வரும் எல்லாச் சிக்கலும் இதில் உண்டு.

முதலில் உண்மையான ஒரு செட்டைத் தட்டில் வைத்துப் பாருங்கள். ஓரம் சீரான வட்டமாக இருக்காது. கையால் தட்டியதால் நெளிந்திருக்கும். இரண்டு பக்கமும் எண்ணெயில் உப்பிய கொப்புளங்கள், அங்கங்கே கடலைப்பருப்பு. அந்தப் பருப்புகள்தான் விண்கலத்தின் ஜன்னல்கள். அவற்றுக்கு மட்டும் உள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம் கொடுத்தால் போதும், வேறு ஜன்னல் வரைய வேண்டாம். நடுவில் இருக்கும் கேரட், பீட்ரூட் துருவல் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அது கலத்தைச் சுற்றி ஓடும் விளக்கு வரிசை. கீழே இறங்கும் ஒளிக்கற்றைக்குப் பச்சைச் சட்னி நிறம். இவ்வளவும் ஒரே ஒட்டின் கிளைகள், அதனால் நிற்கும். கலத்தை ஓட்டுவது ஒரு மல்கோவா என்று சேர்த்தீர்களானால் இரண்டாவது ஒட்டு வந்துவிடும், முதலாவது பலவீனமாகும்.

கோணத்தில் கவனம் வேண்டும். கலம் நம் தலைக்கு மேல் இருக்கிறது என்றால் கீழ் வடையின் அடிப்பரப்புதான் தெரியும், நடுவில் துருவல் ஒரு பட்டையாகத் தெரியும், மேல் வடையின் விளிம்பு மட்டும் கொஞ்சம் தெரியும். பலர் இரண்டு வடைக்கும் மேல்பரப்பையே வரைந்துவிடுகிறார்கள். கலம் மேஜை மேல் வைத்ததுபோல் ஆகி, பறக்காது. நீள்வட்டத்தின் அகலம் 5 பங்கு, உயரம் 1 பங்கு என்று தொடங்குங்கள்.

கீழே என்ன வைப்பது? ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவின் நிழலுருவம் போதும். டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோவின் பெயர் சினிமா பிடித்த எவருக்கும் தெரியும். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956இல் அங்கிருந்துதான் வந்தது. வளைவின் பின்னால் சேர்வராயன் மலையின் விளிம்பை ஒரே தட்டையான நீலத்தில் இழுத்துவிடுங்கள்.

இன்னொரு பாணியும் சேலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூக்கா 1890களில் பாரிஸில் வரைந்த லித்தோ (கல்லச்சு) நாடகப் போஸ்டர்கள்: நெட்டுக்குத்தான தாள், தலைக்குப் பின்னால் பெரிய வட்டம், சுற்றிலும் கொடியும் பூவும். உலகம் முழுக்க ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களை இந்தச் சட்டத்துக்குள் வைத்து வரைகிறார்கள். கொடிக்குப் பதில் ஏற்காட்டு மிளகையும் காப்பியையும் வைத்தால் சட்டமே ஊரைச் சொல்லிவிடும். ஆனால் செடி சரியாக இருக்க வேண்டும். காப்பி இலை ஜோடி ஜோடியாக எதிரெதிரே வரும், வெள்ளைப் பூவும் சிவப்புப் பழமும் இலைக்காம்பு சேரும் கணுவில் கொத்தாக இருக்கும். மிளகில் இலை மாறி மாறி வரும், சரம் இலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொங்கும். இரண்டையும் ஒரே கொம்பில் கலந்து வரைந்தால் எஸ்டேட் பக்கம் இருப்பவர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏறுவதையே பக்கச் சட்டத்தின் தூணாக வைக்கலாம்.

இப்போது தலைப்பெழுத்து. பழைய போஸ்டரின் உயிர் அதில்தான். எழுத்துருவை அப்படியே போடாமல், அதை அடியில் வைத்து மேலே கையால் வரைவது நல்லது. பலூ தம்பி, காவிவனார், கட்டமரன் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றின் உரிமம் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கிறது. எழுத்தைத் தடிமனாக்கும்போது தமிழில் சுழி அடைத்துக்கொள்ளும். ண, ழ, ஞ, இ நான்கையும் முதலில் சோதியுங்கள். கோட்டை வெளிப்பக்கம் மட்டும் தடிக்க விட்டு, சுழியின் உள் வெளியை அப்படியே காப்பாற்ற வேண்டும். கோட்டின் தடிமன் எழுத்து உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். எழுத்துக்குப் பின்னால் பிதுங்கும் முப்பரிமாணப் பக்கங்கள் எல்லாம் ஒரே மறைபுள்ளியை (கோடுகள் தூரத்தில் போய்ச் சேரும் இடம்) நோக்கிப் போக வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அதே பிதுக்கம் உண்டு. இதை மறந்தால் புள்ளி மட்டும் காற்றில் தனியாக ஒட்டியதுபோல் தெரியும். ‘பறக்கும்’ என்ற சொல்லிலேயே இரண்டு புள்ளி இருக்கிறது, பாருங்கள்.

கணினியில் தட்டச்சு செய்தால் ‘கொ’, ‘கே’ உடைந்து கொம்பு பின்னால் போய் நிற்கலாம். ஃபோட்டோஷாப்பில் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். இலவச மென்பொருள்களான இங்க்ஸ்கேப்பிலும் கிம்ப்பிலும் இந்தத் தொல்லை இல்லை. படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதும் தமிழ் சிதைந்து வரலாம், அதை நம்பித் தலைப்பை விடாதீர்கள். முடித்தபின் எழுத்தையெல்லாம் அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிவிட்டுத்தான் பிடிஎஃப் எடுக்க வேண்டும். இல்லையென்றால் பிரஸ் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் தலைப்பு கட்டம் கட்டமாக அச்சாகும்.

அளவு: 12×18 அங்குலம். டிஜிட்டல் பிரஸ்ஸில் சாதாரணமாக ஓடும் தாளும் அதே, ஃபிரேம் கடையில் ரெடிமேடாகக் கிடைப்பதும் அதே. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3600×5400 பிக்சல். நான்கு பக்கமும் 15 மி.மீ. வெள்ளை ஓரம் விடுங்கள். பழைய போஸ்டர்களிலும் வெள்ளை ஓரம் உண்டு, பாணிக்கும் பொருந்தும். இயந்திரம் தாளின் விளிம்பில் சில மி.மீ. அச்சடிக்காது, ஃபிரேமின் உதடும் கொஞ்சம் மறைக்கும். இரண்டும் வெள்ளைக்குள்ளேயே போய்விடும். ஓரம் வரை நிறம் வேண்டும் என்றால் ஏ3 அளவில் வரைந்து, சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் நிறம்) வைத்து, 13×19 தாளில் அடித்து வெட்டச் சொல்லுங்கள். 12×18 தாளில் ஏ3யும் பிளீடும் சேர்ந்து 303 மி.மீ. அகலம் வரும், தாளே 305தான், கட்டிங் குறி போட இடமிருக்காது.

நிறத்தை ஆரம்பத்திலிருந்தே சிஎம்ஒய்கேயில் (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மை) வையுங்கள். திரையில் மின்னும் அந்தச் சட்னிப் பச்சை ஆர்ஜிபி எனும் திரை ஒளியில்தான் மின்னும், மையில் மங்கிவிடும். சியான் 60, மஞ்சள் 100 (எல்லாம் சதவீதம்) என்று வைத்து, சுற்றியுள்ள வானத்தை இருட்டினால் பச்சை தானாக ஒளிரும். வானத்துக்கு சியான் 100, மெஜந்தா 80, கறுப்பு 40. பீட்ரூட்டுக்கு மெஜந்தா 95, மஞ்சள் 40, சியான் 20. வடைக்கு சியான் 10, மெஜந்தா 45, மஞ்சள் 85. பெரிய கறுப்புப் பரப்புக்கு மட்டும் கறுப்பு 100உடன் சியான் 40, மெஜந்தா 30, மஞ்சள் 30 சேருங்கள். சின்ன எழுத்துக்குத் தனிக் கறுப்புதான், இல்லையென்றால் ஓரத்தில் வண்ண நிழல் தட்டும்.

பழைய அச்சின் புள்ளித் தோற்றத்துக்குக் கிம்ப்பில் நியூஸ்பிரிண்ட் ஃபில்டர் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் நான்கு சேனலையும் (நிற அடுக்கையும்) பிரித்து, ஒவ்வொன்றையும் ஹாஃப்டோன் (புள்ளிகளாலான) பிட்மேப்பாக்கி, திரும்பக் கிரேஸ்கேலுக்கு மாற்றி மீண்டும் சேர்க்க வேண்டும். புள்ளி வரிசையின் கோணம் சியானுக்கு 15, மெஜந்தாவுக்கு 75, மஞ்சளுக்கு 0, கறுப்புக்கு 45. அங்குலத்துக்கு 30 வரி வைத்தால் ஒரு புள்ளிக் கட்டம் 10 பிக்சல், அதாவது கிட்டத்தட்ட 0.85 மி.மீ.; கை தூரத்திலிருந்தே புள்ளி தெரியும். இரண்டு இடத்தில் இது கெடும். கண், வாய் போன்றவை 1 செ.மீ.க்கும் சிறிதானால் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளில் முகபாவம் காணாமல் போகும். அங்கே புள்ளியை விட்டுக் கறுப்புக் கோட்டால் வரையுங்கள். அடுத்தது, புள்ளி போட்டபின் படத்தைப் பெரிதாக்கினாலோ சிறிதாக்கினாலோ கட்டம் கட்டமாக அலை விழும். இறுதி அளவில் ஒரே தடவை போடுங்கள். புள்ளிகள் 100 சதவீத மையாக இருந்தால் இயந்திரம் அவற்றின் மேல் தன் புள்ளியைப் போடாது, அச்சு சுத்தமாக வரும். ரெஜிஸ்டர் விலகிய (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாத) தோற்றம் வேண்டுமானால் மெஜந்தா சேனலை மட்டும் 6 பிக்சல் நகர்த்துங்கள், அரை மி.மீ. ஆகும். அதற்கு மேல் போனால் பார்ப்பவருக்குக் கண் வலிக்கும்.

கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், இவ்வளவு உழைத்த புள்ளியெல்லாம் குழம்பாகும். டாக்குமெண்டாக அனுப்புங்கள் அல்லது பென்டிரைவில் கொடுங்கள்.

தாள்: ஃபிரேமுக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) ஆர்ட் கார்டு, மேட் லாமினேஷன். பழைய வாசனை வேண்டுமென்றால் இணையத்தில் கிடைக்கும் மஞ்சள் கசங்கல் படத்தை மேலே போர்த்தாதீர்கள், எல்லா நிறமும் அழுக்காகும். அதற்குப் பதில் நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ (லேசாகப் பழுப்படித்த, பளபளப்புப் பூச்சில்லாத) 100 ஜிஎஸ்எம் தாளில் அடியுங்கள். தாளே அந்த நிறத்தைக் கொடுக்கும்.

மேப்லித்தோவை 3 மி.மீ. ஹார்டுபோர்டில் ஒட்டினால் தெருச்சுவர்ப் போஸ்டரின் களை வரும். பசைக்கு மைதாவைத் தேட வேண்டியதில்லை, சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிகள் நிறைந்த ஊரில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஸ்டார்ச் மாவு சுலபமாகக் கிடைக்கும், அது காய்ந்தபின் நிறமற்று நிற்கும். 40 கிராம் மாவை 100 மி.லி. பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் 400 மி.லி. தண்ணீரில் ஊற்றிக் கிண்டுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெண்மை போய்க் கண்ணாடிபோல் ஆகும், இறக்கி ஆறவிடுங்கள். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி கட்டியாகும். இரண்டு நாளுக்குமேல் வைத்தால் புளிக்கும்.

தாளின் பின்புறத்தை ஈரப் பஞ்சால் ஒற்றி, மூன்று நான்கு நிமிடம் விட வேண்டும். ஈரம் பட்டால் தாள் விரியும். விரிந்து முடித்தபின் ஒட்டினால் சுருக்கம் விழாது. விரிய விடாமல் பசை தடவி உடனே ஒட்டுவதுதான் குமிழிக்கும் மடிப்புக்கும் காரணம். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் தள்ளுங்கள். போர்டின் பின்பக்கத்திலும் ஒரு வெற்றுத் தாளை ஒட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முன்தாள் காயும்போது சுருங்கி போர்டை வில்லாக வளைத்துவிடும். இதெல்லாம் டோனர் (பொடி மை) அச்சுக்குத்தான். வீட்டு இங்க்ஜெட்டில் டை (சாய) மையில் எடுத்தது தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும்.

உரிமை விஷயம். உங்கள் வீட்டுச் சுவருக்கு வரைவதில் பயப்பட ஒன்றுமில்லை. ஏற்காடு கோடை விழா சமயத்தில் ஸ்டால் போட்டு விற்கலாம் என்று நினைத்தால் நிலைமை வேறு. 1957 காப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள்; 1956இல் வந்த படத்துக்கு 2016 முடிவில் தீர்ந்தது. ஆனால் அதன் போஸ்டர் ஓவியத்தின் உரிமை தனி, ஓவியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் ஓடும். அதனால் பழைய போஸ்டரை ஸ்கேன் செய்து வெட்டி ஒட்டுவதைவிட, பாணியை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக வரைவதே நல்லது. மூக்கா 1939இல் மறைந்தார், அவர் விஷயத்தில் தடையில்லை. நடிகர்களின் முகத்தை வைத்து விற்பதைத் தவிருங்கள். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை விதித்தது. தட்டுவடைக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, உள்ளூர்ப் பொருளை நாயகனாக வைப்பதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

மாட்டுவது: சேலம் வெயில் நேராக விழும் மேற்குப் பார்த்த இடம் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பல மாதம் நின்ற போஸ்டர் நீலம் பாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுத்து, சியானும் கறுப்பும் மட்டும் மிஞ்சுவதால் அப்படி. ஏற்காட்டில் வீடு என்றால் எதிரி பனிமூட்டம். ஃபிரேமின் பின்புறத்தைப் பழுப்புத் தாள் டேப்பால் மூடி, கீழ் இரண்டு மூலையிலும் 5 மி.மீ. ரப்பர் குமிழ் ஒட்டிச் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று போக இடம் விடுங்கள். சுவரோடு ஒட்டிக் கிடந்தால் மழைக்காலத்தில் பூஞ்சைப் புள்ளி முதலில் வருவது அந்த வெள்ளை ஓரத்தில்தான்.