பவர்பாயின்ட் 2016 நன்றாக ஓடுகிறதே, மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஒரே தடவை பணம் கட்டி வாங்கிய ஆபீஸ் 2016 வைத்திருக்கிறேன். பவர்பாயின்டில் ஒரு குறையும் இல்லை. பாதுகாப்புக்காகப் புதிது வாங்கச் சொல்கிறார்கள். ஆபீஸ் 2021 மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: நீங்களே செய்த ஸ்லைடுகளை மட்டும் திறப்பவர் என்றால் அவசரமில்லை. வெளியார் மெயிலில் அனுப்புவதையும் திறப்பீர்கள் என்றால் மாற்றுங்கள். 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மைக்ரோசாப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிறது. புதிய பதிப்பில் அடைபடும் ஓட்டை பழையதிலும் இருக்கலாம். உங்களுக்கு அடைப்பு வராது, ஓட்டை எங்கே என்பது மட்டும் ஊருக்கே தெரிந்துவிடும்.

மேக்ரோவை, அதாவது கோப்புக்குள் இருக்கும் குட்டி நிரலை, அனுமதிக்காவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. 2014-இல் வெளிவந்த சாண்ட்வார்ம் தாக்குதலில் மேக்ரோவே கிடையாது. ஸ்லைடு ஷோவுக்குள் பொதித்திருந்த ஓ.எல்.இ. ஆப்ஜெக்ட் (கோப்புக்குள் சொருகப்பட்ட வேறொரு பொருள்), வெளி சர்வரிலிருந்து ஐ.என்.எஃப். எனும் விண்டோஸ் நிறுவல் கோப்பு ஒன்றை இழுத்து இயக்கியது. 2017-இல் வந்த இன்னொன்று, லிங்க் மேல் மவுஸைக் கொண்டுபோனாலே விண்டோஸுக்குக் கட்டளையிடும் பவர்ஷெல்லை ஓட்டப் பார்த்தது.

இவற்றுக்கு முதல் தடுப்பு, இணையத்திலிருந்து வந்த கோப்பைத் திறந்ததும், படிக்க மட்டுமே முடியும் என்று மேலே வரும் மஞ்சள் பட்டைதான். படிக்க மட்டும் வேண்டுமானால் 'எனேபிள் எடிட்டிங்' பொத்தானைத் தொடாதீர்கள். இதிலும் ஒரு சிக்கல்: இணையத்திலிருந்து வந்தது என்ற அடையாளம் என்.டி.எஃப்.எஸ். எனும் விண்டோஸ் வடிவமைப்பு கொண்ட டிஸ்கில்தான் கோப்போடு ஒட்டியிருக்கும். ஃபேட்32 எனும் பழைய வடிவமைப்பு கொண்ட பென்டிரைவில் போட்டால் உதிர்ந்துவிடும். பென்டிரைவ் வழியாக வந்த கோப்புக்குப் பட்டை வரவில்லை என்றால் அது நல்ல கோப்பு என்று அர்த்தமில்லை.

சந்தேகமான பி.பி.டி.எக்ஸ். (.pptx) கோப்பை நகலெடுத்து, பெயரின் கடைசியில் உள்ள அதை .zip என்று மாற்றித் திறந்து பாருங்கள். பி.பி.டி. (ppt) ஃபோல்டருக்குள் எம்பெடிங்ஸ் (embeddings) என்ற ஃபோல்டர் இருந்தால், அதில் எக்செல் கோப்புகள் கிடப்பது சகஜம். அவை சார்ட்டுக்கான தரவு. பெயர் .bin என்று முடியும் ஓ.எல்.இ. ஆப்ஜெக்ட் இருந்தால் அனுப்பியவரைக் கேட்காமல் திறக்காதீர்கள். ஒன்றும் இல்லை என்பதற்காக நற்சான்று கொடுத்துவிடவும் முடியாது; வெளி லிங்குகள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கும்.

ஆபீஸ் 2021 வேண்டாம். அதற்கு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைதான். மலிவுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். 2024 பதிப்புக்கு 2029 அக்டோபர் 9 வரை உண்டு. பார்க்க மட்டும் என்றால் பிரவுசரில் ஓடும் இலவச பவர்பாயின்ட் போதும். லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸும் இலவசம்தான், ஆனால் அனிமேஷனும் எழுத்துருவும் அங்கங்கே இடம் மாறும்.