அந்த நோட்டுகளை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். புச்சி எமெச்செட்டா, சிமமாண்டா அடிச்சி போன்ற நைஜீரியப் புலம்பெயர் எழுத்தாளர்களைப் படித்ததிலிருந்து நானும் நாவல் எழுதத் தவிக்கிறேன். பிள்ளைகள் இருவரும் போடும் சத்தத்தில் ஒரு பக்கம்கூட நகரவில்லை. வேலையை விட்டுவிட்டு ஓராண்டு எழுதலாமா? மனைவி முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறார். அவர் சம்பளத்தில் சமாளித்துவிடலாம். என் ஆர்வம் அவருக்குப் புரியும். கல்யாணத்துக்கு முன்பு அவரும் கவிதை எழுதியவர்தான். வீடு மாறியபோது இடம் இல்லாததால் அந்தக் கவிதை நோட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டேன். புதிதாக எழுத வருகிறவனுக்கு அந்த எழுத்தாளர்களிடம் கற்க என்ன இருக்கிறது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வேலையை விடக் கூடாது, தம்பி. அதில் பேச ஒன்றுமில்லை. அந்த நோட்டுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மனைவியைக் கேட்டுவிட்டா போட்டீர்கள்? கேட்டிருந்தால் 'போட்டுவிட்டோம்' என்று எழுதியிருப்பீர்கள். சோபாவை விட்டுவிட்டு வந்ததாகக் கடிதத்தில் எங்கும் காணவில்லை.

எமெச்செட்டாவைப் படித்தேன் என்கிறீர்கள். 1944இல் லாகோஸில் பிறந்தவர். பதினாறு வயதில் கல்யாணம். 1962இல் கைக்குழந்தைகளோடு கணவரைத் தேடி லண்டன் வந்தார். கணவர் படிக்க, இவர் உழைத்துக் குடும்பத்தை ஓட்டினார். கிடைத்த நேரத்தில் எழுதிய முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கணவர் எரித்துவிட்டார். இருபத்திரண்டு வயதில், நான்கு குழந்தைகளோடும் வயிற்றில் ஐந்தாவதோடும் பிரிந்து வந்தார். நூலகத்தில் வேலை பார்த்தார், சமூகவியல் படித்தார், எழுதினார். 1972இல் முதல் புத்தகம் வந்தது. எரிந்துபோன நாவலை முதலிலிருந்து எழுதி 1976இல் 'தி பிரைட் பிரைஸ்' என்று வெளியிட்டார்.

இதைப் படித்தபோது உங்களை யாராக நினைத்துக்கொண்டீர்கள்? எமெச்செட்டாவாகத்தானே? உங்கள் வீட்டில் அந்த இடம் உங்கள் மனைவியுடையது. நான் தீ வைக்கவில்லையே, குப்பைத் தொட்டியில்தானே போட்டேன் என்று வாதாட வராதீர்கள். இரவெல்லாம் யாரோ பெற்ற தாய் தகப்பனைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, உடை மாற்றிவிட்டுக் காலையில் வீடு திரும்புகிறவர் அவர். அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து எழுதுவதை இலக்கியப் பணி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குடும்பத்தில் ஒருவர் எழுதுவதற்காக இன்னொருவர் தேய வேண்டும் என்றால், அந்த நாவல் வராமல் போகட்டும்.

பிள்ளைகள் சத்தம் என்கிறீர்கள். எமெச்செட்டாவின் 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' நாவலின் சமர்ப்பணப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. தன் ஐந்து பிள்ளைகளின் பெயரையும் சொல்லி, அவர்கள் போட்ட இனிய சத்தம் இல்லாமல் இந்தப் புத்தகம் எழுதப்பட்டிருக்காது என்கிறார் அந்தத் தாய். உங்களுக்கு இரண்டே பிள்ளைகள்.

அடிச்சியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பயாஃப்ரா போர் 1970இல் முடிந்தது. அவர் பிறந்தது 1977இல். இரண்டு தாத்தாக்களையும் அந்தப் போர் கொண்டுபோயிற்று. பெற்றோரையும் உறவினரையும் கேட்டுக் கேட்டுத்தான் தான் பார்க்காத போரை நாவலாக்கினார். பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்கும் பழக்கம் உங்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் நோட்டுகள் பிழைத்திருக்கும்.

முதலில் மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள். இடம் இல்லை என்ற காரணத்தைச் சேர்க்காமல் கேளுங்கள். நினைவில் இருக்கும் கவிதைகளை அவர் சொல்ல விரும்பினால் உட்கார்ந்து உங்கள் கையால் எழுதிக்கொடுங்கள். சொல்ல மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்; அந்தக் கோபம் அவருக்கு உரியது. அவர் வேலைக்குக் கிளம்பும் நாட்களில் சமையலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் உங்கள் பொறுப்பு. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் எழுதுங்கள். அவருடைய விடுமுறை நாளில் அந்த ஒரு மணி நேரம் அவருக்கு.

இப்படி ஓராண்டு போன பிறகு வேலையை விடுவது பற்றி மறுபடி கேளுங்கள். அந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் அவரும் ஒருமுறை படிக்கட்டும்.