முதல் சம்பளக் கவரில் விடுபட்ட அரை ஷிப்ட்

"உங்கள் முதல் வேலை எது? முதல் சம்பளம் கைக்கு வந்தபோது எப்படி இருந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு முதல் வேலை திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியில் கைமடி. 1998 ஏப்ரல். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, அடுத்து வந்த திங்கட்கிழமையே சேர்ந்துவிட்டேன். பதினாறு வயது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று அம்மா சொன்னார். எங்கள் லைன் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் போனார்கள்.

கைமடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பவர் டேபிளில், அதாவது மோட்டாரில் ஓடுகிற தையல் மெஷின் வரிசையில், டெய்லர் தைத்துத் தள்ளுகிற பீஸை எடுத்து, நூலை வெட்டி, பிரித்து, அடுத்த பீஸை அவர் கைக்கு வாகாக எடுத்துக் கொடுப்பது. கேட்டால் ஒன்றுமில்லாத வேலை போல இருக்கும். ஆனால் டெய்லருக்கு பீஸ் ரேட், தைத்த எண்ணிக்கைக்குத்தான் காசு. நமக்கு ஷிப்ட் கூலி. நம் கை ஒரு நிமிடம் நின்றால் அவருக்குக் காசு போகும். அதோடு ஷேடு என்று ஒன்று இருக்கிறது. ஒரே நீலத் துணிதான், ஆனால் ஒரு ரோலுக்கும் அடுத்த ரோலுக்கும் சாயத்தில் ஒரு பொட்டு வித்தியாசம் இருக்கும். முன்பக்கம் ஒரு ரோல், கை ஒரு ரோல் என்று சேர்ந்துவிட்டால் செக்கிங்கில் திரும்பி வந்துவிடும். அதற்காகத்தான் கட்டிங்கிலேயே ஒவ்வொரு பீஸிலும் நம்பர் ஒட்டி அனுப்புவார்கள். அந்தப் பொடி நம்பரைப் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் வீட்டுச் சுவரெல்லாம் எனக்கு நம்பராகத் தெரிந்தது.

கம்பெனிக்கு நொய்யல் பாலத்தைத் தாண்டி நடந்து போவேன். தண்ணீர் ஒரு நாள் கத்தரிப்பூ நிறத்தில் ஓடும், ஒரு நாள் செங்கல் நிறத்தில். சாயப்பட்டறைகளில் அன்றைக்கு என்ன கலர் ஓடுகிறது என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு ஆறு அப்படி ஓடக்கூடாது என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இப்போது மனசு கஷ்டப்படுகிறது.

நான் கைமடித்தது ஓவர்லாக், அதாவது துணி ஓரம் பிரியாமல் தைக்கிற மெஷினில் இருந்த ஒரு டெய்லர் அக்காவுக்கு. முப்பத்தைந்து வயது இருக்கும். கோயம்புத்தூர்ப் பேச்சு. முதல் இரண்டு நாள் என்னிடம் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் என் டிபன் பாக்ஸில் வெறும் சோறும் ஊறுகாயும் இருந்ததைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் கொள்ளுப் பருப்பில் பாதியை ஊற்றினார். அதிலிருந்து தினமும் அப்படித்தான்.

காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். ராத்திரி ஒன்பது மணி வரை இருந்தால் ஒன்றரை. எனக்கு ஷிப்டுக்கு 36 ரூபாய் பேசியிருந்தார்கள். திங்கட்கிழமை ஒன்று, செவ்வாயிலிருந்து வெள்ளி வரை ஒன்றரை ஒன்றரை, சனிக்கிழமை ஒன்று. ஆக எட்டு. 288 ரூபாய். அந்தத் தொகையை வாரம் முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டே நூல் வெட்டியிருக்கிறேன்.

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமைதான். வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறுவதும், கடைப் பாக்கி தீர்ப்பதும், கறி எடுப்பதும் அதை நம்பித்தான். சனிக்கிழமை ராத்திரி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு ஐந்தரைக்கு மெஷின்கள் எல்லாம் நின்றதும், ஒரு வாரமாகக் காதில் இருந்த இரைச்சல் அடங்கி, பக்கத்தில் இருப்பவர்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. வரிசையில் நின்றோம். கவர் வர ஏழரை ஆகிவிட்டது.

பழுப்புக் கவர். மேலே என் பெயர் இல்லை. 'புது கைமடி – 7½ – 270' என்று பேனாவால் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு நூறு, ஒரு ஐம்பது, இரண்டு பத்து. நூறு ரூபாய் நோட்டுகளின் இடது ஓரத்தில் பின் அடித்த ஓட்டைகள். அப்போதெல்லாம் பேங்கில் நோட்டுக் கட்டைப் பின் அடித்துத்தான் கொடுப்பார்கள். ரிசர்வ் வங்கி 2001-ல்தான் அதை நிறுத்தச் சொன்னது. அந்த ஓட்டையில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றேன். சந்தோஷம்தான். ஆனால் எட்டு ஷிப்டுக்குப் பதில் ஏழரை என்பது தொண்டையில் நின்றது. கேட்கப் பயம். 18 ரூபாய்க்காக வேலை போய்விட்டால்?

அக்கா என் முகத்தைப் பார்த்தார். கவரை வாங்கிப் படித்தார். நேராகச் சம்பளம் கொடுக்கிற மேஜைக்குப் போனார்.

"ஏனுங்கண்ணா, இந்தப் புள்ளைக்கு வியாழக்கிழமை அரை ஷிப்ட் உட்டுப்போச்சுங்க."

"நோட்டுல இல்லீங்களே அக்கா. அன்னிக்கு அஞ்சரைக்கே போயிட்டாள்னு போட்டிருக்குது."

அக்கா தன் இடுப்புப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். தினமும் தைத்த பீஸ் கணக்கு அதில் இருந்தது. "வியாழக்கிழமை ராத்திரி ஒம்போது வரைக்கும் நான் இத்தனை பீஸ் தெச்சிருக்கறன். உங்க நோட்டுலயும் அதே கணக்குத்தான் இருக்குது, பாருங்க. அத்தனை பீஸும் கைமடி இல்லாம தானா மடிஞ்சுதுங்களா?"

மேஜையில் இருந்தவர் நோட்டைப் புரட்டினார். அக்காவின் பீஸ் கணக்கு சரியாக இருந்தது. அடுத்த வாரம் சேர்த்துப் போடுகிறேன் என்றார். "இப்பவே எழுதிக்குங்க" என்று அக்கா எழுத வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

வெளியே வந்து நடக்கும்போது சொன்னார். அவருடைய அப்பா 1984-ல் பஞ்சப்படி, அதாவது விலைவாசி ஏறுவதற்குத் தகுந்து கூலியோடு சேர்த்துத் தருகிற படி, கேட்டு திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் இருந்தவர். 127 நாள். வீட்டில் பாத்திரமெல்லாம் அடகுக்குப் போன காலம். பஞ்சப்படி எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது என்று அவர் எழுதி வைத்திருந்த தாள்களைப் பார்த்துப் பழகியவர் அக்கா. "கூலி குடுக்கறவங்க நோட்டு ஒண்ணு இருக்கும். உன்ற நோட்டு ஒண்ணு இருக்கோணும், அம்மிணி" என்றார்.

நான் பிற்பாடு காமர்ஸ் குரூப் எடுத்துப் படித்து, இன்றைக்குச் சம்பளப் பட்டியல் போடுகிற வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் ஓவர்டைம் கட்டம் வந்ததும் என் கை மெதுவாகிவிடும். ஒரு வரியையும் அவசரமாகக் கடக்க என்னால் முடிவதில்லை.

அந்த 270-ஐ அப்படியே அம்மாவிடம் கொடுத்தேன். சாமி படத்துக்கு முன்னால் வைத்தார், கும்பிட்டார், உடனே எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு மளிகைக்கடைக்கு நடந்தார். பாக்கி 214. கடைக்காரர் எங்கள் பக்கத்தில் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். "மக சம்பளம்ணே" என்றார் அம்மா. அவர் கேட்கவே இல்லை. அம்மாவாகத்தான் சொன்னார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை கவரில் என் பெயர் இருந்தது. எழுத்துப்பிழையோடு, ஆனால் என் பெயர். அந்த 18 ரூபாயைத் தனியாகக் கையில் கொடுத்தார்கள். அதை மட்டும் அம்மா என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். நாலு ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கினேன். திங்கட்கிழமை காலையில் அக்காவுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனேன். "எதுக்கு அம்மிணி காசைக் கரியாக்கற?" என்று திட்டிக்கொண்டேதான் தலையில் வைத்துக்கொண்டார். பத்து மணிக்கெல்லாம் மெஷினிலிருந்து பறந்த பஞ்சு பூ முழுக்க ஒட்டி, எது பூ, எது பஞ்சு என்று தெரியவில்லை. நான் மடித்துக்கொண்டே நடுநடுவே நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.