அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்றாலும் ரங்கூன் போக வேண்டுமா?

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மாவுக்கு மேல்தாடை சைனஸில் புற்றுநோய். ரங்கூனில் ஆபரேஷன் செய்து, கன்னத்துக்கும் கழுத்துக்கும் ரேடியேஷன் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. மூன்றாம் மாத ஸ்கேன் சுத்தமாக இருந்தது. இன்னும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று அம்மா கிளம்ப மறுக்கிறார். இங்கேயே ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதாதா?"

போதாது, தம்பி. இந்தப் புற்றுநோய் திரும்புவதை நம்பிக்கையாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை. மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் வரும் புற்றுநோய்க்கு ஒரு வைரஸின் அளவை ரத்தத்தில் பார்ப்பதுண்டு. அதைக் கேள்விப்பட்டுப் பலர் குழம்பிக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு வந்தது வேறு நோய்.

இது திரும்பினால் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள், பழைய இடத்திலேயே திரும்பும். மேல்தாடை சைனஸ் என்பது கன்னத்துக்குள் காற்று நிறைந்த வெற்றறை. உள்ளே கட்டி வளர இடமிருப்பதால் ஆரம்பத்தில் வலிக்கவே வலிக்காது. அதனால்தான் முதல் ஆண்டில் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டில் 2 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் ஆண்டு முடியும்வரை 4 முதல் 8 மாதத்துக்கு ஒருமுறை கேமரா குழாயை விட்டுப் பார்க்கிறோம். அப்புறம் வருடம் ஒருமுறை.

போகும்வரை வீட்டில் உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவுவதை விடாதீர்கள். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான். ரேடியேஷனுக்குப் பிறகு மூக்குக்குள் பொருக்கு கட்டும். அது மூடிக்கொண்டிருந்தால் அதற்கு அடியில் இருப்பது கேமராவில் தெரியாது.

நீங்களும் கவனியுங்கள். காலையில் அம்மா முகத்தில் தனாக்கா (மரப்பட்டை அரைத்த பூச்சு) பூசும்போது, ஒரு கன்னம் முன்பைவிட மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆபரேஷனால் வந்த மரப்பு அப்படியே இருந்தால் பயமில்லை. புதிதாக வந்தாலோ பரவினாலோ சொல்ல வேண்டும். ஆபரேஷனால் ஆன ஓட்டையை மூட மேலண்ணத்தில் தகடு வைத்திருந்தால், நன்றாகப் பொருந்தியிருந்த தகடு திடீரென உட்காராமல் மொகிங்கா (மீன் நூடுல்ஸ்) சாறு மூக்கு வழியே வருகிறதா என்று பாருங்கள். சதை சுருங்கியும் அப்படி ஆகலாம், ஆனால் அதை வீட்டில் தீர்மானிக்க முடியாது. ஒரு பக்க அடைப்பு, ரத்தம் கலந்த சளி, இரட்டைப் பார்வை, கண்ணில் ஓயாத நீர், கழுத்தில் கட்டி: இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

மூன்றாம் மாத ஸ்கேனின் சிடியைப் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுபோங்கள். தழும்பா கட்டியா என்ற சந்தேகம் வந்தால் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறோம். அறிக்கைத் தாள் மட்டும் அதற்கு உதவாது.

உங்கள் ஊரிலேயே எடுக்கக்கூடிய ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு: தைராய்டு. கழுத்திலும் ரேடியேஷன் பட்டதால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு பரிசோதனையைப் பாருங்கள். அம்மா சோர்ந்து, எடை கூடினால் முன்னதாகவே பாருங்கள். பல் ஆடினால் உள்ளூரில் பிடுங்கிவிடாதீர்கள். ரேடியேஷன் பட்ட தாடை எலும்பு எளிதில் ஆறாது; ரங்கூன் டாக்டரிடம் கேட்டபிறகே பல்லில் கைவைக்க வேண்டும்.